ஒன்டாரியோ ஏரியில் கோடைக்கால சால்மன்: ட்ரோலிங் பயணத்தைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதத்தில் ஒன்டாரியோ ஏரியின் மேல்தண்ணீரில் கையை விட்டால் இறங்கிக் குளிக்கலாம் போலிருக்கும். 21, 22 டிகிரி செல்சியஸ் இருக்கும். அதே இடத்தில் எழுபது அடி கீழே 11 டிகிரி. நூற்றைம்பது அடிக்குக் கீழே ஐந்தாறு டிகிரிதான். சால்மன் கோடை முழுவதும் இந்த நடு அடுக்கை ஒட்டியே வாழ்கிறது. ஏரியின் நீளம் 311 கிலோமீட்டர், அதிகபட்ச ஆழம் 244 மீட்டர். இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் நமக்கு வேண்டியது சில அடி தடிமனுள்ள ஒரு குளிர்ந்த அடுக்கு மட்டும்தான்.

முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் எந்த ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தூண்டில்) வாங்குவது என்பதில் தொடங்குகிறார்கள். நான் தொடங்கச் சொல்வது தண்ணீரின் வெப்பநிலையில். அந்த அடுக்கு இன்று எத்தனை அடியில் இருக்கிறது, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மற்ற முடிவுகள் எல்லாம் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும். அது தெரியாமல் போனால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தூண்டிலும் வெறும் தண்ணீரைத்தான் இழுத்துக்கொண்டு போகும்.

ஏரியில் யார் யார் இருக்கிறார்கள்

ட்ரோலிங் என்பது படகை மெல்ல ஓட்டியபடி தூண்டில்களைப் பின்னால் இழுத்துச் செல்வது. ஒன்டாரியோ ஏரியில் அதற்குக் கிடைக்கும் முக்கியமான மீன் சினூக் சால்மன். இதுவும் கோஹோ சால்மனும் இந்த ஏரிக்குச் சொந்தமானவை அல்ல, பசிபிக் கடலோர மீன்கள். ஏரியின் பழைய குடிகளான அட்லாண்டிக் சால்மன், ஆறுகளில் கட்டிய மில் அணைகளாலும் காடழிப்பாலும் மிதமிஞ்சிய மீன்பிடிப்பாலும் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோயிற்று. பிறகு ஏல்வைஃப் என்ற சிறுமீன் பெரிய ஏரிகளில் கட்டுக்கடங்காமல் பெருகியது. 1967இல் மிச்சிகன் ஏரிக்கரையில் அவை செத்து மலைமலையாய் ஒதுங்கின. அவற்றைத் தின்னவும் தூண்டில்காரர்களுக்கு மீன் கிடைக்கவும் 1960களின் பிற்பகுதியில் பசிபிக் சால்மன் குஞ்சுகளை விட ஆரம்பித்தார்கள். இன்று இந்த ஏரியில் பிடிபடும் சினூக்கில் ஒரு பெரும்பகுதி ஆறுகளில் இயல்பாகப் பொரித்து வந்தவை. அட்லாண்டிக் சால்மனையும் மீண்டும் கொண்டுவரும் முயற்சி நடந்துவருகிறது.

இவற்றோடு ரெயின்போ ட்ரௌட், பிரவுன் ட்ரௌட், ஏரிக்கே உரிய லேக் ட்ரௌட் ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பிடித்த வெப்பநிலை வேறு. சினூக் 11 முதல் 13 டிகிரி வரை விரும்பும். கோஹோ கிட்டத்தட்ட அதே அளவு, சற்றுக் கூடுதல். ரெயின்போ 14, 15 டிகிரியில் மேலாகத் திரியும். பிரவுன் ட்ரௌட் இன்னும் வெதுவெதுப்பைத் தாங்கும், கரைக்கும் அருகே வரும். லேக் ட்ரௌட் 7 முதல் 10 டிகிரி வரையுள்ள அடித்தளத்தை விட்டு அதிகம் நகராது. இந்த எண்களை ஒரு அட்டையில் எழுதிப் படகில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க அதைப் பார்ப்பீர்கள்.

எந்த மாதம், எந்தத் துறை

ஜூன் மாதத்தில் ஏரி இன்னும் சரியாக அடுக்கடுக்காகப் பிரிந்திருக்காது. மீன் சிதறிக் கிடக்கும். ஜூலை தொடங்கியதும் மேலே வெந்நீர், கீழே குளிர்நீர் என்று தெளிவாகப் பிரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தைத் தெர்மோக்ளைன் என்பார்கள். ஜூலையில் சினூக் பெரும்பாலும் 100 முதல் 250 அடி ஆழமுள்ள தண்ணீரின் மேல், நடு அடுக்கில் இருக்கும். ரெயின்போ இன்னும் வெளியே, முந்நூறு அடிக்கும் மேற்பட்ட ஆழத்தின் மேல், ஆனால் மேல் முப்பது நாற்பது அடிக்குள் நீந்திக்கொண்டிருக்கும்.

ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் காட்சி மாறும். மூன்று நான்கு வயதான சினூக்குகள் முட்டையிடப் போகவேண்டிய ஆறுகளின் வாயருகே கூட ஆரம்பிக்கும். கிரெடிட் ஆற்றுக்கு வெளியே போர்ட் கிரெடிட், கனரஸ்கா ஆற்றுக்கு வெளியே போர்ட் ஹோப், இவற்றின் நேரே 40 முதல் 120 அடி ஆழத்தில் பெரிய மீன்கள் வட்டமிடும். அவை பசிக்காகக் கடிப்பதைவிட எரிச்சலில் கடிப்பது அதிகம். முதல் வெளிச்சத்தில் அரை மணி நேரம் வெறியோடு கடித்துவிட்டு, வெயில் ஏறியதும் வாயை மூடிக்கொள்ளும்.

வடகரையில் ப்ரோன்டே, போர்ட் கிரெடிட், ஸ்கார்பரோவில் ப்ளஃபர்ஸ் பார்க், விட்பி, போமன்வில் அருகே போர்ட் டார்லிங்டன், போர்ட் ஹோப் ஆகிய இடங்களிலிருந்து படகு இறக்கிப் போகிறவர்கள் அதிகம். சொந்தப் படகு இல்லாதவர்கள் கேப்டனோடு வாடகைக்குக் கிடைக்கும் சார்ட்டர் படகில் போகலாம். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. முதல் பயணமாவது அனுபவமுள்ள கேப்டனோடு போவது, இரண்டு கோடைகளில் தட்டுத்தடுமாறிக் கற்பதை ஒரு காலையில் கற்றுத் தரும். முன்பதிவு செய்யும்போது எத்தனை பேர், எத்தனை மணி நேரம், காற்று மோசமானால் தேதியை மாற்றித் தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்பவரிடம் போங்கள்.

மூன்று நாள் முன்பிருந்தே காற்றைக் கவனியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

காற்று தண்ணீரைத் தள்ளும். ஆனால் தான் வீசும் திசையிலேயே நேராகத் தள்ளாது. பூமி சுழல்வதால் வடக்கு அரைக்கோளத்தில் மேல்தண்ணீர் காற்றின் போக்குக்கு வலப்பக்கமாக விலகும். மேற்கிலிருந்து கச்சான் காற்று இரண்டு நாள் விடாமல் வீசினால், ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் இருக்கும் வெந்நீர் தெற்கே விலகிப் போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கும் குளிர்நீர் மேலே வரும். ஆகஸ்ட் மாதத்தில் டொராண்டோ கரையோரத்தில் நேற்று 20 டிகிரியாக இருந்த தண்ணீர் இன்று 10 டிகிரிக்கு இறங்கிவிடுவது இதனால்தான். கிழக்கிலிருந்து கொண்டல் வீசினால் நேரெதிர்: வெந்நீர் வடகரையில் வந்து குவியும், குளிர் அடுக்கு ஆழத்துக்குத் தள்ளப்படும். தென்கரையில், அமெரிக்கப் பக்கத்தில், இவை இரண்டும் தலைகீழாக நடக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஜூலை சனிக்கிழமை எண்பது அடியில் வரிசையாக மீன் ஏறியது. அடுத்த சனிக்கிழமையும் அதே இடம், அதே ஸ்பூன், அதே எண்பது அடி என்று நம்பிக்கையோடு போனோம். இடையில் வியாழனும் வெள்ளியும் மேற்குக் காற்று அடித்ததைக் கண்டுகொள்ளவில்லை. மூன்று மணி நேரம் ஒரு தட்டுகூட இல்லை. கடைசியில் வெப்பமானியை இறக்கிப் பார்த்தால் எண்பது அடியில் 6 டிகிரி. நாம் இழுத்துக்கொண்டிருந்தது லேக் ட்ரௌட்கூட யோசிக்கும் குளிர். மெல்ல மேலே கொண்டுவரக் கொண்டுவர, முப்பத்தைந்து அடியில் 12 டிகிரி கிடைத்தது. எல்லாவற்றையும் அங்கே ஏற்றிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, முதல் மீன் அடித்தது.

ஆகவே பயணத்துக்கு மூன்று நாள் முன்பிருந்தே காற்றின் திசையையும் வேகத்தையும் ஒரு தாளில் எழுதி வாருங்கள். அமெரிக்காவின் நோவா நிறுவனம் பெரிய ஏரிகளின் மேற்பரப்பு வெப்பநிலை வரைபடங்களைத் தினமும் இலவசமாக வெளியிடுகிறது. உங்கள் கரையோரம் மட்டும் திடீரென்று நீலமாகக் குளிர்ந்து தெரிந்தால் அடிநீர் மேலே வந்திருக்கிறது என்று பொருள். அப்போது கரைக்கு அருகிலேயே, மேலாகத் தேடத் தொடங்கலாம். இரண்டு மூன்று நாள் கிழக்குக் காற்று அடித்திருந்தால் வெளியே போகவும் நூறடிக்குக் கீழே இறக்கவும் தயாராக இருங்கள்.

போகலாமா வேண்டாமா

மீன் எங்கே என்று காற்று சொல்வதுபோல, நாம் போகலாமா என்பதையும் அதுவே சொல்கிறது. இந்த ஏரியின் அலை கடலலை போல நீண்டு உருளாது. குட்டையாக, நெருக்கமாக, செங்குத்தாக வந்து படகை உலுக்கும். கிழக்குக் காற்று ஏரியின் முழு நீளத்தையும் கடந்து வருவதால் டொராண்டோ, ஹாமில்டன் பக்கம் அலை மிக உயரமாக எழும். வடக்குக் காற்றில் வேறொரு கண்ணி இருக்கிறது. வடகரையோரம் ஏரி கண்ணாடிபோல் இருக்கும், அதைப் பார்த்து மகிழ்ந்து எட்டுப் பத்துக் கிலோமீட்டர் வெளியே போய்விட்டால் திரும்பும் வழி முழுக்க அலையை எதிர்த்து வரவேண்டும்.

என்விரான்மென்ட் கனடாவின் கடல்சார் வானிலை அறிவிப்பைப் புறப்படும் முன் இரவும் அதிகாலையும் பாருங்கள். இருபது அடிப் படகுக்கு 10 நாட் (மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டர்) வரை வசதியான காற்று. பதினைந்தைத் தாண்டும் என்று சொன்னால் நான் போவதில்லை. 20 நாட்டிலிருந்து பலத்த காற்று எச்சரிக்கையே விடுப்பார்கள், அப்போது யாருமே போகக்கூடாது. பெரும்பாலான கோடை நாட்களில் காலை பத்து மணிக்குப் பிறகு காற்று ஏறும். பிற்பகலில் இடி மின்னலும் வரலாம். பத்தரைக்குள் தூண்டிலை மடக்கும் திட்டத்தோடு போவதே நல்லது.

உயிர்காப்புச் சட்டை படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்கவேண்டும். அடிநீர் மேலே வந்த நாளில் ஏரியில் விழுபவர், ஆகஸ்ட் வெயிலில் பனித்தண்ணீரில் விழுகிறார். முதல் நிமிடத்தில் மூச்சு திணறும், நீச்சல் தெரிந்தவருக்கும் கைகால் ஓடாது. மிதக்கும் மீட்புக் கயிறு 15 மீட்டர், தண்ணீர் இறைக்கும் கருவி, தீயணைப்பான், ஊதல், விளக்குகள், அபாய ஒளிச்சுடர் எல்லாம் ஏறும் முன் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். கைப்பேசியை நம்பி வெளியே போகாதீர்கள், வி.எச்.எஃப் ரேடியோ வேண்டும், அதை இயக்குவதற்கான சான்றிதழும் வேண்டும். ஆபத்துக்கு அழைக்கும் அலைவரிசை 16. எங்கே இறங்குகிறோம், எந்தத் திசையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கரையில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.

உரிமமும் விதிகளும்

ஒன்டாரியோவில் 18 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி உரிமமும் தேவை. கார்டு மூன்று ஆண்டு செல்லும். முழு உரிமம், குறைந்த அளவு மட்டும் பிடிக்க அனுமதிக்கும் கன்சர்வேஷன் உரிமம் என்று இரண்டு வகை உண்டு. மோட்டார் படகு ஓட்ட ப்ளஷர் கிராஃப்ட் ஆபரேட்டர் கார்டு வேண்டும், அதை ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும். ஒன்டாரியோ ஏரி மீன்பிடி மேலாண்மை மண்டலம் 20இல் வருகிறது. படகிலிருந்து பிடிக்கும்போது இங்கே ஒருவர் இரண்டு தூண்டில் போடலாம். வகைக்கு வகை எத்தனை மீன், என்ன நீளம் என்பதை அந்த ஆண்டுக்கான விதிப்புத்தகத்தில் மண்டலம் 20 பக்கத்தைத் திறந்து பாருங்கள், பழைய நினைவை நம்பவேண்டாம். ஏரியின் நடுவே நாட்டெல்லை ஓடுகிறது. அதைத் தாண்டினால் நியூயார்க் மாநில உரிமம் வேண்டும்.

கருவிகள்: எது அவசியம், எது பிறகு

டவுன்ரிக்கர் என்பது ஒரு சிறிய உருளை. அதில் சுற்றிய கம்பியின் முனையில் 10 அல்லது 12 பவுண்டு ஈயக்குண்டு தொங்கும். தூண்டில் நரம்பைக் குண்டுக்கு அருகில் ஒரு கிளிப்பில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிடலாம். மீன் அடித்ததும் நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுவிடும், குண்டின் பாரம் இல்லாமல் மீனோடு மட்டும் மல்லுக்கட்டலாம். கோடைக்கு இதைவிடச் சிறந்த கருவி இல்லை, ஏனென்றால் ஆழத்தை இவ்வளவு துல்லியமாக வேறெதுவும் தராது. இரண்டு டவுன்ரிக்கர் இருந்தால் ஒரு படகுக்குப் போதும். கையில் பணம் குறைவாக இருந்தால் மற்ற எதையும் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது டைவர். தட்டுபோன்ற ஒரு பிளாஸ்டிக் துண்டு, இழுக்கும்போது தானே கீழேயும் பக்கவாட்டிலும் போகும். அதன் அடியிலுள்ள வட்டை ஒன்றிலிருந்து மூன்று வரை திருப்பிப் பக்கவாட்டு விலக்கத்தைக் கூட்டிக்கொள்ளலாம். மூன்றில் வைத்தால் தோராயமாக மூன்றடி நரம்பு விட்டால் ஓரடி இறங்கும் என்று கணக்கு. இதற்கு, எத்தனை அடி விட்டோம் என்று காட்டும் லைன் கவுன்டர் ரீல் இல்லாமல் வேலை ஆகாது. மூன்றாவது, உள்ளே ஈயம் வைத்துப் பின்னிய லெட்கோர் நரம்பு. பத்து கெஜத்துக்கு ஒரு நிறம் மாறும், ஒரு நிறத்துக்கு ஏறக்குறைய ஐந்தடி இறங்கும். மேல் அடுக்கில் திரியும் ரெயின்போவுக்கு இது அருமையான கருவி. ஆனால் முதல் பருவத்திலேயே வாங்கவேண்டியதில்லை.

எட்டரை, ஒன்பதடி நீளத் தடி, 20 முதல் 30 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பு. நான் 30 பவுண்டே போடுகிறேன், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து நீர்த்தெள்ளுகள் என்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிரிகள் நரம்பில் அப்பிக்கொள்ளும். 1998இல் இந்த ஏரியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கொக்கிவால் நீர்த்தெள்ளு இதில் மிக மோசமானது. ரீலைச் சுற்றச் சுற்ற, ஈரப் பஞ்சுபோல வெண்மையாக ஒரு கட்டி நரம்பின்மேல் திரண்டு தடியின் நுனி வளையத்தில் வந்து அடைத்துக்கொள்ளும். மெல்லிய நரம்பில் சிக்குவதைவிடத் தடித்த நரம்பில் குறைவாகச் சிக்கும். மீன் படகருகே வரும் நேரத்தில் இந்தக் கட்டி வளையத்தில் மாட்டினால், பக்கத்தில் நிற்பவர் விரலால் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அந்த வேலைக்கு ஒருவரை முன்கூட்டியே நியமித்துவிடுங்கள்.

தூண்டில் வகையில் மூன்றே போதும். ஸ்பூன் ஏழெட்டு, பட்டையாகச் சுழலும் ஃப்ளாஷரும் அதன்பின் இரண்டடிக்குச் சற்றுக் குறைவான லீடரில் (இணைப்பு நரம்பில்) தொங்கும் குஞ்சம்போன்ற ஃப்ளையும் இரண்டு ஜோடி, சிறுமீன் வடிவிலான ப்ளக் ஒன்றிரண்டு. நிறத்தில் இருட்டுக்கு ஒளிரும் வகை, வெளிச்சம் வந்ததும் பச்சை, வெயில் ஏறியதும் வெள்ளி. ஐம்பது நிறம் வாங்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர்களின் தூண்டில், பாதி நேரம் தண்ணீரிலேயே இருப்பதில்லை.

வெப்பநிலையை அளக்க, குண்டோடு சேர்த்து இறக்கும் மின்னணு ப்ரோப் இருக்கிறது. ஆழத்திலுள்ள வெப்பநிலையையும் வேகத்தையும் படகிலேயே காட்டும், விலையும் அதிகம். ஆரம்பத்தில் அது தேவையில்லை. குறைந்தபட்ச வெப்பநிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் சாதாரண வெப்பமானியை நீர்புகாத வகையாக வாங்கி, குண்டுக்கு மேலே கட்டி இறக்குங்கள். மூன்று நிமிடம் விட்டுவிட்டு ஏற்றிப் பாருங்கள். நாற்பது, அறுபது, எண்பது என்று மூன்று முறை செய்தால் அன்றைய ஏரி உங்களுக்குப் புரிந்துவிடும்.

முந்தின இரவு

முடிச்சுகள் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். கொக்கி முனையை நகத்தின் மேல் வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள், வழுக்கினால் அரத்தால் தீட்டுங்கள். ரீலின் பிடிமானத்தை நரம்பின் தாங்கும் திறனில் கால்பங்கு அளவுக்கு வையுங்கள், சினூக் முதல் ஓட்டத்தில் நூறு கெஜம் போகும், பிடிமானம் இறுக்கமாக இருந்தால் முடிச்சுதான் பதில் சொல்லும். பெரிய ஐஸ் பெட்டி, நிறைய ஐஸ், நீளக் கைப்பிடி வலை, கொக்கி கழற்றும் குறடு, ஆளுக்குக் கூடுதலாக ஒரு குளிர்ச்சட்டை. ஜூலையாக இருந்தாலும் விடிகாலை ஏரி நடுவில் குளிரும். அலையில் மாத்திரை போடவேண்டிய அளவுக்குக் குமட்டல் வருகிறவர்கள் இரவே போட்டுக்கொள்ளட்டும், படகில் ஏறிய பிறகு போட்டால் தாமதம்.

அந்தக் காலை, படிப்படியாக

ஜூலைக் கடைசியில் டொராண்டோ பக்கம் சூரியன் ஆறு மணிவாக்கில் எழும். நாலரைக்குப் படகு தண்ணீரில் இருக்கவேண்டும். இரவில் ஏல்வைஃப் மேலே வரும், சால்மனும் பின்னாலேயே வரும். முதல் வெளிச்சத்தில் அவை இன்னும் மேல்பக்கமாகவும் துணிச்சலாகவும் இருக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தை இழந்தால் மிச்ச நாளால் ஈடுகட்ட முடியாது.

துறையை விட்டு வெளியே வந்ததும் மீன்காட்டியைப் பார்த்தபடி மெதுவாகப் போங்கள். மேகம்போல் திரள் தெரிந்தால் அது ஏல்வைஃப் கூட்டம். அதன் அருகிலோ அடியிலோ வளைந்த கோடுகள் தெரிந்தால் அவை பெரிய மீன்கள். திரையின் உணர்திறனைக் கூட்டினால் சில நாட்களில் தெர்மோக்ளைனே மங்கலான பட்டையாகத் தெரியும்.

வேகத்தை மணிக்கு 2.2 முதல் 2.8 மைல் வரை வைத்துப் படகை நேராக்குங்கள். லேக் ட்ரௌட் மட்டும் போதும் என்றால் இரண்டுக்கும் கீழே. இப்போது முதல் தூண்டிலைப் படகின் பக்கத்திலேயே தண்ணீரில் விட்டு, சரியாக ஆடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். ஸ்பூன் துடிக்கவேண்டும், சுருண்டு சுழலக்கூடாது. பிறகு பதினைந்து இருபது அடி பின்னால் விட்டு, நரம்பைக் கிளிப்பில் மாட்டி, குண்டை இறக்குங்கள். 12 டிகிரி கிடைத்த ஆழத்தில் ஒரு குண்டு, அதற்கு இருபதடி மேலே இன்னொன்று. இறக்கியதும் ரீலைச் சுற்றித் தடியை வில்லாக வளைத்து வையுங்கள். அதன்பிறகு பக்கத்துக்கு ஒன்றாக டைவர்கள், இரண்டையும் வெவ்வேறு நீளத்தில். மூன்று பேர் இருந்தால் ஆறு தூண்டில் போட விதி அனுமதிக்கிறது, முதல் சில பயணங்களுக்கு நாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிக்கெடுப்பதில் காலை போய்விடும்.

டவுன்ரிக்கர் கம்பி பின்பக்கம் சாய்ந்து ஓடினால், இறக்கிய அடியைக் காட்டும் கணக்கான் எண்பது என்று காட்டினாலும் குண்டு எண்பதில் இல்லை, அதற்கு மேலே இருக்கிறது. கீழே நீரோட்டம் வேறு திசையில் ஓடலாம் என்பதையும் மறக்கவேண்டாம். கிழக்கு நோக்கிப் போகும்போது மட்டும் மீன் அடித்து மேற்கு நோக்கிப் போகும்போது அடிக்காவிட்டால், மீன் திசை பார்ப்பதில்லை. ஆழத்தில் உங்கள் தூண்டிலின் உண்மையான வேகம் மாறிவிட்டது, அவ்வளவுதான். கம்பியின் சாய்வு முன்பிருந்ததுபோல் ஆகும்வரை வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ பாருங்கள்.

நேர்கோட்டிலேயே போகாமல் அடிக்கடி மெல்ல வளையுங்கள். வளையும்போது உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகமெடுத்து உயரும். எந்தப் பக்கம் அடி விழுந்தது என்று பாருங்கள். உட்பக்கம் என்றால் வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கம் என்றால் கூட்டுங்கள். இருபது நிமிடம் எதுவும் நடக்காவிட்டால் முதலில் ஆழத்தை மாற்றுங்கள், பிறகு வேகத்தை, கடைசியாக நிறத்தை.

மீன் அடிக்கும்போது

வளைந்து நடுங்கிக்கொண்டிருக்கும் தடி சட்டென்று நேராக நிமிரும். நரம்பு கிளிப்பிலிருந்து கழன்றுவிட்டது. ஒரு நொடி நரம்பு தொய்ந்து கிடக்கும். அடுத்த நொடி தடி நுனி தண்ணீரைத் தொடுமளவுக்கு இறங்கும், ரீல் அலறும், கவுன்டரில் எண்கள் ஓடும். புதியவர் செய்யும் தவறு அந்தத் தொய்வான ஒரு நொடியில்தான் நடக்கிறது: என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நிற்பார். தடியைத் தாங்கியிலிருந்து எடுத்தபடியே வேகமாகச் சுற்றுங்கள். பாரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். அது ஓடும்போது சுற்றவே கூடாது, ஓடட்டும்.

படகை நிறுத்தாதீர்கள், மெதுவாக முன்னே போய்க்கொண்டிருக்கட்டும். பெரிய மீன் என்றால் அந்தப் பக்கத்து டவுன்ரிக்கரை ஏற்றிவிடுங்கள். தடியைத் தூக்கி, தாழ்த்தும்போது சுற்றுவது என்று பொறுமையாக வேலை செய்தால் போதும். படகைக் கண்டதும் இன்னொரு ஓட்டம் ஓடும், நிறைய மீன் அங்கேதான் தப்பிக்கும். வலையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, மீனின் தலையை அதற்குள் வழிநடத்துங்கள். வலையால் மீனைத் துரத்தக்கூடாது.

மேலே வந்தது என்ன மீன் என்பதை உடனே பாருங்கள். ஈறு கறுப்பு, வாலின் இரண்டு மடலிலும் புள்ளி என்றால் சினூக். ஈறு வெளுத்து, வாலின் மேல்மடலில் மட்டும் புள்ளி என்றால் கோஹோ. வாயெல்லாம் வெள்ளை, வால் முழுக்க வரிசையாகப் புள்ளி என்றால் ரெயின்போ. செவுள் மூடியில் பெரிய கறுப்புப் புள்ளிகள் இருந்து வாலில் புள்ளியே இல்லையென்றால் அட்லாண்டிக் சால்மனாக இருக்கலாம். அதற்கு விதிகள் தனி, சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

வைத்துக்கொள்வதா, விடுவதா

இந்த முடிவை மீன் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். எழுபது அடி குளிரிலிருந்து, அரை மணி நேரம் போராடி, 22 டிகிரி மேல்நீருக்கு வந்த சினூக்கைப் படமெடுத்துக் கொஞ்சிவிட்டு விட்டால் அது நீந்திப் போவதுபோல் தெரியும், பிழைப்பது அரிது. விடுவதாக இருந்தால் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்காமல் கொக்கியைக் கழற்றுங்கள். வேண்டிய அளவு கிடைத்துவிட்டால் தூண்டிலை மடக்குவதுதான் மரியாதை.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று, செவுளை வெட்டி இரத்தத்தை வடித்து, ஐஸில் புதைத்துவிடுங்கள். வெயிலில் ஒரு மணி நேரம் கிடந்த சால்மனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வாயில் தெரியும். இன்னொன்று: பெரிய மீனின் கொழுப்பில் பிசிபி போன்ற நச்சுகள் சேர்ந்திருக்கும். ஒன்டாரியோ அரசு எந்த ஏரியில், எந்த நீளத்து மீனை, மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடலாம் என்று பட்டியலிட்டு வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதில் தனி அளவு உண்டு. சிறிய மீனை வீட்டுக்கு எடுங்கள், தோலையும் வயிற்றுப் பக்கக் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமையுங்கள்.

கரைக்கு வந்த பிறகு

கை காயும் முன்பே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்: முந்தைய மூன்று நாள் காற்று, எந்த ஆழத்தில் எத்தனை டிகிரி, எந்த வேகத்தில், எந்தத் திசையில் போகும்போது அடித்தது. மீனே இல்லாத நாளையும் எழுதுங்கள். இரண்டு கோடை எழுதினால், மேற்குக் காற்றுக்குப் பிறகு உங்கள் துறையில் எத்தனை அடியில் தொடங்கவேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லும்.

நரம்பிலும் ரீலிலும் ஒட்டிய நீர்த்தெள்ளுகளைத் துடைத்துக் காயவையுங்கள், அவற்றின் முட்டை அடுத்த ஏரிக்குப் பயணம் செய்யும். 2022 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் கொண்டுபோகும் முன் வடிகால் அடைப்பானைத் திறந்து தண்ணீரை வடிப்பதும், ஒட்டிய பாசியையும் செடியையும் எடுப்பதும் சட்டப்படி கட்டாயம். கழற்றிய அடைப்பானை, ட்ரெய்லரில் படகை இழுத்தேற்றவும் இறக்கவும் உதவும் கைவிஞ்சிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். அடுத்தமுறை நாலரை மணி இருட்டில் படகை இறக்கப் போகும்போது, அதை மாட்டாமல் விஞ்சின் கைப்பிடியைத் தொடவே முடியாது.